டோஹா ரிக்கற்

சுபோதினி ஐந்து நாட்களாகக் குப்புறக் கிடந்தாள். இடது கண்ணின் விழித்திரை கழன்று பாதிப் பார்வை மறைந்திருந்தது. டொக்டர் ருஷ்தா சத்திரசிகிச்சை செய்து, திரை மறுபடி ஒட்டுவதற்காகக் கண்ணுக்குள் வாயுக் குமிழ் ஒன்றை வைத்திருந்தார். குமிழ் மேல்நோக்கி மிதக்கும். அது கண்ணின் பின்பக்கத்தை அழுத்திப் பிடிக்க, முகம் நிலத்தைப் பார்த்தே இருக்க வேண்டும்.

வெள்ளவத்தைக் கடைகளுக்குப் பலகாரம் செய்து கொடுப்பவள் அவள். ஒரு நிமிடம் சும்மா இருந்தறியாதவள். இப்போது தரை ஓடுகளின் இடுக்கில் இருந்த அழுக்குத்தான் கண்ணில் பட்டது. கை துருதுருத்தது. கடற்கரை ரயில் போகும்போதெல்லாம் எழும்பி ஓடவேண்டும் போலிருந்தது.

அதைவிட அவளை அரித்தது, ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டிருந்த டோஹா விமான ரிக்கற். அங்கே மகள் கீர்த்தனாவுக்குத் தலைப்பிரசவம். ஒப்பரேஷன் நடந்ததை மகளிடம் சொல்லவில்லை; பயணத்தை டொக்டரிடம் சொல்லவில்லை. கணவர் நாகேந்திரம் குளிக்கப் போன நேரம் பார்த்து, விமானத்தில் ஏறக்கூடாது என்று எழுதிக் கையில் கட்டிவிட்ட பட்டியைக் கத்தரித்தாள்.

திரும்பி வந்தவர் கீழே கிடந்த பட்டியைக் கண்டார். டொக்டருக்கு ஃபோன் அடித்துப் பயணத்தைச் சொல்லி, அதை அவள் முகத்தடியில் வைத்தார்.

"விமானம் மேல போகப் போக அந்த வாயு விரியும், அம்மா. கண்ணுக்கு ரத்தம் போறது நிண்டுடும். இறங்கும்போது அந்தக் கண் இருக்காது."

"ஒண்டு போனாலும் மற்றது கிடக்குத்தானே, டொக்டர்?"

"மற்றதிலயும் திரை மெலிஞ்ச இடம் இருக்கு. அதுக்குத்தானே லேசர் போட்டம்? அதை மட்டும் நம்பி இருக்க ஏலாது."

அவள் அன்று பின்னேரம் தானே மகளை அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"எனக்கு ஏனம்மா சொல்லேல்ல?" கீர்த்தனா அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, மாமியைக் கூப்பிடுறன்" என்றாள்.

மருமகனின் தாயைக் குறித்த அந்த 'மாமி' சுபோதினிக்குச் சுருக்கென்றது. "ஓம், கூப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையணையில் முகத்தை அழுத்தினாள்.

இரண்டு மாதத்தில் குமிழ் சிறுத்து, ஒருநாள் காலையில் காணாமலே போனது. டொக்டர் சரியென்ற பிறகுதான் டோஹாவுக்குப் பறந்தாள். மாமியின் தோளில் கிடந்த பேரன், இவள் தூக்கியதும் வீரிட்டு அழுதான். விடாமல் வைத்துக்கொண்டாள்.

"இப்ப கண் வடிவாத் தெரியுதோ, அம்மா?" என்று கேட்டாள் கீர்த்தனா.

"தெரியுது. கதவு நிலை மட்டும் கொஞ்சம் வளைஞ்சு தெரியுது" என்றாள் சுபோதினி, ஒளிக்காமல்.