கடவுச்சொல்லின் மறுபாதி

மாதத்தின் முதல் செவ்வாய் வந்துவிட்டால் போதும், அவள் இஸ்திரி போட்ட உடையைத் தேடுவாள். “டேப் பெட்டியைப் பார்க்கப் போறதுக்கா இவ்வளவு சிங்காரம்?” என்று அக்கா வாயைக் கிளறுவாள். இவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

டேப் என்பதெல்லாம் பேருக்குத்தான். ஆஸ்பத்திரியின் பதிவுகள் முழுக்க நகலாகிக் கிடக்கும் அந்த இரும்பு அலமாரிக்குள் மருந்துக்குக்கூட ஒரு நாடா கிடையாது. எல்லாம் டேப் மாதிரி நடிக்கிற ஹார்டு டிஸ்க். பூட்டு மட்டும் நிஜம். கடவுச்சொல்லின் முன்பாதி அவளிடம், பின்பாதி எக்ஸ்ரே பிரிவில் இருக்கும் அவரிடம். மாதம் ஒருமுறை இருவரும் சேர்ந்து திறந்து, நகல் பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவர் தட்டும்போது மற்றவர் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். இருவரும் உறவுக்காரர்களாக இருக்கவே கூடாது. படிவத்தில் ‘உறவு’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு கனத்துப்போகும்.

நாற்பதைத் தொட்ட இரண்டு ஒண்டிக்கட்டைகள். ஐந்து வருடமாகச் சுவரைப் பார்த்தபடி அவர் தட்டுவதை எண்ணியிருக்கிறாள். பதினான்கு தட்டு. பதின்மூன்றுக்குப் பிறகு ஒரு சின்னத் தயக்கம். அந்தத் தயக்கத்துக்காக மாதம் முழுக்க ஏங்கினாள் என்று வெளியே சொன்னால் வெட்கக்கேடு. பிறகு அவர், “நீங்க திரும்பலாம்” என்பார். அவ்வளவுதான் பேச்சு.

இன்று அறையில் அவர் இல்லை. மேலாளர் அம்மா நின்றிருந்தார்.

“அவர் தன்னோட பாதியை ஒப்படைச்சுட்டாரும்மா. இனிமே பின்பாதி என்கிட்ட.”

“வேலையை விட்டுட்டாரா?”

“இல்லையே, எக்ஸ்ரேலதான் இருக்கார். இது மட்டும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டார்.”

மாதத்துக்குக் கால் மணி நேரம், அதுகூடவா அந்த மனுஷனுக்குப் பாரமாகிவிட்டது? தன் பாதியை இரண்டு முறை தப்பாகத் தட்டினாள். மேலாளரோ தன் பாதியைத் தயக்கமே இல்லாமல் கடகடவென்று தட்டி முடித்தார்.

“ஒப்படைச்சதுக்கு நீயும் கையெழுத்துப் போடணும்” என்று படிவத்தை நீட்டினார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

காரணம் என்ற கட்டத்தில் அவருடைய குண்டு குண்டான எழுத்து: ‘இன்னொரு பாதியை வைத்திருப்பவருடன் உறவு ஏற்பட வேண்டும் என்பது என் ஆசை. அவரிடம் இன்னும் கேட்கவில்லை.’

அதற்குக் கீழே, அவளுடைய கருத்துக்கென்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள்.

“மேடம், நீங்க கொஞ்சம் சுவரைப் பார்த்து நிக்கிறீங்களா?” என்றாள்.