ஒரே பெயரில் இரண்டு எடை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. மலாக்காவில் ஒரு வானியல் சங்கம் தன் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டது. ஒன்றையொன்று ஒட்டிச் சுற்றும் ராட்சத நட்சத்திரங்களின் நிறையை எப்படி அளக்கிறார்கள் என்று எளிய தமிழில் எழுத வேண்டுமாம். புக்கிட் பெருவாங்கில் என் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து முதல் வரியை எழுதினேன்: "நட்சத்திரத்தைத் தராசில் வைக்க முடியாது."

அத்தோடு கட்டுரை படுத்துவிட்டது. தராசு என்று எழுதியதும் ஒரு தோட்டத்து ஸ்டோர்க் கொட்டகைத் தராசு கண் முன்னால் வந்து நின்றது. ஒரு புருஷனும் பெண்சாதியும் அதில் ஏறி நின்றார்கள். இறங்கச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மலாயாவின் அவசரகாலத்தின் நடுவில், குருபோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், விடியற்காலைப் பனி ரப்பர் மரங்களை…"

(பனி வேண்டாம். பனியைப் போர்த்தி நாம் மறைத்த அசிங்கங்கள் போதும்.)

இரண்டாவது முயற்சி: சேகரன் கிராணிக்கு மனிதர்களை நிறுப்பது பிடிக்கவில்லை.

இது இருக்கட்டும். அவன் தெங்கேராவில் வளர்ந்தவன். ரப்பர் பால் நிறுத்துக் கணக்கெழுதத்தான் தோட்டத்துக்கு வந்தான். அப்புறம் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்கம்பி வந்தது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக் கூடாதென்று, வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டில் தடவித் தடவிச் சோதித்தார்கள். அதுவும் போதவில்லை தோட்டத்துத் துரைக்கு. ஆட்களைக் காலையில் ஒரு தடவை நிறு, மத்தியானம் திரும்பும்போது ஒரு தடவை நிறு என்றார். வேர்வையில் ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் குறையலாம் என்று ஓர் அளவும் போட்டுக் கொடுத்தார். அதற்கு மேல் குறைந்தால் அந்த ஆள் எதையோ காட்டில் விட்டுவிட்டு வருகிறான் என்று அர்த்தம்.

(முள்கம்பியும் அரிசிச் சோதனையும் நடந்தவை. ஆளை நிறுத்தது என் கற்பனை. படிக்கும்போது அது பொய் மாதிரித் தோன்றவில்லை என்றால் அந்தக் காலத்தைத்தான் குறை சொல்ல வேண்டும்.)

3

மலர்க்குழுவுக்காகக் கொஞ்சம் வானம்.

சேகரனிடம் ஒரு வானியல் புத்தகம் இருந்தது. நாட்டைவிட்டுப் போன வெள்ளைக்காரர் யாரோ பழைய சாமான் கடையில் போட்டுவிட்டுப் போனது. வேலிக்கு விளக்குப் போட்ட பிறகு தோட்டத்து வானத்தில் ஒன்றும் தெரியவில்லை. புத்தகத்தில் மட்டும்தான் அவனுக்கு நட்சத்திரம்.

அதில் அவன் திரும்பத் திரும்பப் படித்த பக்கம் இது. சில நட்சத்திரங்கள் இரண்டிரண்டாக, மிக நெருக்கமாகச் சுற்றுகின்றன. எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் ஒரே புள்ளிதான். அந்த ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தால் அதிலுள்ள கோடுகள் இரண்டாகப் பிரிந்து, ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமுமாக ஆடும். கனமானது கொஞ்சமாக ஆடும். லேசானது ஓடி ஓடி ஆடும். ஒன்றை ஒன்று மறைக்கும்போது ஒளி மங்கும். ஆட்டத்தையும் மங்கலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இரண்டின் நிறையும் தனித்தனியே கிடைத்துவிடும். இரண்டு என்று தெரியாமல் ஒன்றென்று எடுத்துக்கொண்டால், இல்லாத ஒரு பூதத்துக்கு எடை சொல்லிக்கொண்டிருப்போம்.

சேகரன் இந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தான். கோடு போடுவது சுலபம்.

4

இப்போது அந்த இரண்டு பேர். பால் வெட்டும் வீராசாமி, அவன் பெண்சாதி இருசம்மாள். இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து மர நிரை.

ஆம்பளைகள் கூடி நின்று பார்க்க, மூட்டை மாதிரித் தராசில் தனியாக ஏற முடியாதென்று இருசம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"நான் என்ன கோழியா, கிராணி ஐயா? அவர ஏறச் சொல்லுங்க, நானும் கூட நின்னுக்கிறேன்."

ஒவ்வொருவராக ஏற்ற வேண்டும் என்பதுதான் உத்தரவு. சேகரனுக்கு அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. சரி என்றான். இரண்டு பேரும் சேர்ந்து ஏறுவார்கள், அவன் மனசுக்குள் பாதியாக்கிப் பார்த்து, "போகலாம்" என்பான். பொம்பளைப் பேரை நாலு பேர் முன்னால் கூவுவது மரியாதையில்லை என்பதால், கூப்பிடும்போது "வீராசாமி" என்று மட்டும் கூப்பிடுவான். அந்த ஒரு பெயருக்குள் இரண்டு பேர் இருப்பது கொட்டகையில் எல்லாருக்கும் தெரியும்.

புதிதாக வந்த போலீஸ் இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. அவர் தராசை மறைக்கும் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். "போகலாம்" எல்லாம் வேண்டாம், எவ்வளவு குறைந்தது என்று சத்தமாகச் சொல் என்றார்.

அன்றைக்கு வெயில் கொளுத்தியது. சேகரன் நிறுத்தான். பழக்கதோஷத்தில், "வீராசாமி" என்று கூவி, இரண்டு பேருக்கும் சேர்த்துக் குறைந்ததைச் சொன்னான்.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். அதற்குள் இரண்டு பேரும் தராசை விட்டு இறங்கியிருந்தார்கள். மலாயில் கேட்டார், "ஒரு ஆளுக்கு இவ்வளவு குறையுமா, கிராணி?"

"குறையாது, துவான்."

உண்மையைத்தான் சொன்னான். கேட்டதற்குச் சரியான பதில். கேள்விதான் தப்பு. அதை அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். "உத்தரவை மீறி ஏன் ரெண்டு பேரை ஏத்தினே? அரிசி கடத்துறவனுக்கு நீயும் கூட்டா?" என்று அடுத்த கேள்வி வரும் என்பது அவன் வாயைக் கட்டிவிட்டது. வீராசாமியை லோரியில் ஏற்றினார்கள்.

(இந்த இடத்தில் சேகரனைக் கோழை என்று எழுதி, அடித்துவிட்டேன். எழுதும்போது அது மிகவும் சுலபமாக வந்தது. சுலபமாக வந்தால் எனக்குச் சந்தேகம்.)

5

இருசம்மாள் ஓடி வந்தாள். தராசில் தனியாக ஏற வெட்கப்பட்டவள் இப்போது இன்ஸ்பெக்டரையும் தள்ளிக்கொண்டு வந்தாள். முந்தானை எங்கேயோ கிடந்தது.

"கிராணி ஐயா, நாங்க ரெண்டு பேரும்தானே ஏறினோம்! சொல்லுங்க லா. அவரு ஒரு பருக்கை கூட எடுத்துட்டுப் போகல. உள்ள போனா எப்ப விடுவானுங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"இரும்மா… பேசிப் பாக்கிறேன்."

"எப்ப? லோரி போன பொறகா?"

லோரிக்குள்ளிருந்து வீராசாமியின் குரல் வந்தது. "ஏய், அவர விடு. அவருக்கும் பொழப்பு இருக்கு." அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவள்தான் லோரிக்கும் தராசுக்கும் நடுவே ஓடி ஓடி ஆடிக்கொண்டிருந்தாள். சேகரனுக்குப் பென்சில் கோடு போட்ட பக்கம் ஞாபகம் வந்தது. அந்த நேரத்தில் அது ஞாபகம் வந்ததற்காக அவன் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

6

முடிவுகள்.

அ) சேகரன் உண்மையைச் சொல்கிறான். இன்ஸ்பெக்டர் முதுகில் தட்டிக்கொடுத்து வீராசாமியை இறக்கிவிடுகிறார். (இதைப் படித்துவிட்டு நானே சிரித்தேன்.)

ஆ) சேகரன் உண்மையைச் சொல்கிறான். லோரியில் இப்போது வீராசாமி, இருசம்மாள், சேகரன் என்று மூன்று பேர். (நடந்திருக்கக்கூடியது. இதனால்தான் அவன் பேசவில்லை.)

இ) சேகரன் பேசவில்லை. மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த பிறகு ஊருக்குத் திரும்பி, பேரப் பிள்ளைகளுக்கு நட்சத்திரம் காட்டிக்கொண்டு, நல்ல மனிதர் என்று பெயரெடுத்து… (இதற்கு மேல் கை ஓடவில்லை. இப்படிப்பட்ட நல்ல மனிதர்கள் பலரை நான் கும்பிட்டிருக்கிறேன்.)

7

மூன்றையும் அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். ஒவ்வொரு தடவையும் சேகரன் தொண்டையைச் செருமுகிறான், அதற்கு மேல் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. நான் வார்த்தையைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறான். கடைசியில் இருசம்மாள்தான் நான் நினைக்காததைச் செய்தாள். லோரி எஞ்சின் போட்டாகிவிட்டது. அவள் திரும்பி நடந்து வந்தாள். கொட்டகை முழுக்க ஆம்பளைகள், தடுப்புக்கு அந்தப் பக்கம் மறுபடி போய் உட்கார்ந்துவிட்ட இன்ஸ்பெக்டர். தனியாகத் தராசில் ஏறி நின்றாள்.

"இப்ப நிறுங்க" என்றாள். "என் பேரச் சொல்லி நிறுங்க. நான் ஒரு ஆளுன்னு தெரியட்டும்."

புருஷன் கூட இல்லாமல் அவள் தராசில் நின்றது அதுதான் முதல் தடவை. சேகரன் கை தானாக எடைக்குண்டை நகர்த்தியது. தராசுத் தண்டு ஆடி ஆடி நின்றது. அவள் அவ்வளவு லேசாக இருப்பாள் என்று அவன் நினைத்ததே இல்லை. இனி அவன் செய்ய வேண்டியது ஒன்றுதான். அவள் பெயரையும் தண்டு காட்டுவதையும் உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னால் கொட்டகையே கேட்கும், இதுவரை கூவாத ஒரு பெயர் காதில் விழுந்ததும் வீராசாமி என்ற பெயருக்குள் இரண்டு பேர் இருந்தது வெளியே வந்துவிடும். அப்புறம் அவன் பாடு என்ன ஆகுமென்று எனக்குத் தெரியாது.

அவன் தொண்டையைச் செருமுகிறான்.

என்னால் இதற்கு மேல் அவனைத் தள்ள முடியவில்லை. தண்டு நின்றுவிட்டது, அவள் பெயர் உங்களுக்கும் தெரியும். லோரி இன்னும் கேட்டைத் தாண்டவில்லை. நீங்கள் சொல்லுங்கள், சத்தமாக.