எந்த வகையிலும் சேராத கடை

ஓல்டர்ஷா ஊரில் முப்பத்தெட்டு வருடம் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நார்மன் டில்ஸ்லி, மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பதினொன்றே கால் மணிக்கு, ரொட்டிக்கடை வரிசையில் நின்றுகொண்டிருக்கையில் பின்பக்கம் ஆறு பிரம்படி வாங்கினார். பின்னால் நின்றவள் இரண்டு கையிலும் பையோடு இருந்த ஒரு கர்ப்பிணி. பிரம்பு இல்லை, அடி மட்டும் இருந்தது. கால்சட்டை கிழிந்து, ரத்தம் கண்ணாடிப் பெட்டிமேல் தெறித்தது. அதே நேரம் மார்க்கெட் தெருவில், பழைய கசாப்புக் கடையில் கிளெனிஸ் ஹார்க்கர் புதிதாகத் திறந்திருந்த மசாஜ் கடையில், ஐம்பது வயது லாரி ஓட்டுநர் ஒருவன் குப்புறப் படுத்திருந்தான். இடுப்புக்குக் கீழே அவள் கட்டைவிரல் அழுத்திய ஆறு இடங்களிலிருந்து, பள்ளி நாட்களில் வாங்கித் தங்கிப்போயிருந்த ஆறு அடிகள் கிளம்பி, கொடுத்தவரிடமே போய்ச் சேர்ந்தன.

மே மாதத்துக்குள் பதினேழு பேர் இப்படி வாங்கினார்கள். குதிரைப் பந்தயக் கடையில் ஒருவனுக்குத் தாடை விலகியது. ஞாயிறு பூசையில் முன்வரிசைக் கிழவி ஒருத்தியின் மணிக்கட்டில் சிகரெட் சூடு விழுந்தது. கொடுத்தவர் செத்திருந்தால் கல்லறைக்கல் பிளந்தது. பாதிரியார் மண்ணை மிதித்துச் சமன்செய்தார். அடி விழுந்ததாக மட்டும் யாரும் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால், அடித்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் நகரசபைக்கு வந்த நாற்பது கடிதங்களும் கார் நிறுத்த இடமில்லை, எண்ணெய் நாற்றம், திரைச்சீலை நிறம் சரியில்லை என்றே இருந்தன. ஒன்று மட்டும் சட்டப்படி விசாரிக்க வேண்டியதாக இருந்தது. கசாப்புக் கடையை மசாஜ் கடையாக்க அனுமதி வாங்கவில்லை என்றது அது.

அதை விசாரிக்க வந்தவள் கட்டட அனுமதிப் பிரிவு அதிகாரி பெவர்லி ஆஸ்பின். இருபத்தாறு வருட சர்வீஸ். எதையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் நம்புவாள்.

"கசாப்புக் கடை சாதாரணக் கடை வகைங்க. நீங்க செய்யறது வைத்தியம்னா அதுவும் அதே வகைதான், புதுசா எதுவும் வேண்டாம். ஆனா மசாஜ்னா எந்த வகையிலயும் சேராது. அது தனி வகை. விண்ணப்பம் போட்டே ஆகணும்," என்றாள்.

"நான் செய்யறது வைத்தியந்தான் கண்ணு. வலியோட வர்றவன் வலி இல்லாம போறானே."

"இன்னொருத்தன் வலியில சுருண்டு விழறானே?"

"அது என் கடைக்குள்ள நடக்கலியே!"

விதிப்படி அது சரியான பதில். பெவர்லிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விண்ணப்பம் வாங்கிக்கொண்டாள். ஆட்சேபணை சொல்ல இருபத்தொரு நாள் கெடு என்ற மஞ்சள் அறிவிப்பை விளக்குக் கம்பத்தில் கட்டினாள்.

பத்தொன்பதாம் நாள் சனிக்கிழமை மதியம், அந்த அறிவிப்பை யாரோ கிழித்துவிட்டதால் புதிதாகக் கட்ட வந்து, கடைக்குள் டீ குடித்துக்கொண்டிருந்தாள். முகமூடி போட்ட மூன்று பேர் சம்மட்டியோடு நுழைந்தார்கள். கண்ணாடியை நொறுக்கினார்கள், மேசையைப் பிளந்தார்கள். இரண்டு பேர் கிளெனிஸை இழுத்துப்போய், கசாப்புக்காரன் விட்டுப்போன வெட்டுமரத்தின்மேல் அவள் வலது கையை விரித்துப் பிடித்தார்கள். "இனிமே பிசையுடி பாப்போம்," என்று சொல்லி மூன்றாமவன் நான்கு முறை அடித்தான். பெவர்லி டீ கெட்டிலால் ஒருவன் காதைக் கிழித்தாள். அவர்கள் ஓடிய பிறகு, கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, கூழான அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியாமல், அங்கே பார்த்ததையே செய்தாள். ஒவ்வொரு விரலாக அழுத்தினாள். ஒவ்வொரு விரலும் நிமிர்ந்தது. அதே நிமிடம், அனுமதிக் குழுவின் தலைவர் ராய் பிராட்டக் ஓட்டிப் போன கார் ரவுண்டானாமேல் ஏறி நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவருடைய வலது கையின் நான்கு விரல்கள் நசுங்கியிருந்தன.

அப்படியானால் இது கிளெனிஸின் கைராசி இல்லை. அனுமதி ஆளுக்கு இல்லை, இடத்துக்குத்தான் என்று இருபத்தாறு வருடமாக எல்லோருக்கும் சொல்லிவந்தவள் பெவர்லி. அது இப்படியும் உண்மையாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அனுமதி கொடுக்கலாம் என்று அறிக்கை எழுதினாள்.

குழு ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை மதியம் கூடியது. பிராட்டக் கையில் மாவுக்கட்டோடு வந்தார். "கார் கதவுல மாட்டிக்கிச்சு," என்றார், யாரும் கேட்டிருக்கவில்லை. நாலு பேர் ஆதரவு, நாலு பேர் எதிர்ப்பு. தலைவரின் ஓட்டு பாக்கி. அவர் எழுந்து, "நம்ம ஊரு கௌரவமான ஊரு," என்று ஆரம்பித்தார். கௌரவம் என்ற சொல்லோடு முன்பல் ஒன்று மேசையில் விழுந்தது. அவர் மனைவி தெல்மா அப்போதுதான் மார்க்கெட் தெருவில் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்திருந்தாள். முப்பத்தொரு வருடம் திரும்பி வர ஐம்பது நிமிடம் ஆனது. புருவம் பிளந்தது, விலா எலும்புகள் வரிசையாக முறிந்தன, ஒரு காது கேட்காமல் போனது, கை தானாகவே முதுகுக்குப் பின்னால் முறுக்கிக்கொண்டது. உறுப்பினர்கள் காகிதங்களை ரத்தம் படாமல் நகர்த்தி வைத்தார்கள். இனிப்புக் கடை நடத்தும் துணைத்தலைவி சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, "தலைவருக்கு முடியல. ஓட்டு சமமானா கூட்டத்த நடத்துறவங்களுக்கு இன்னொரு ஓட்டு உண்டு. குடுத்துருவோம்," என்றாள். தலைவர் உடல்நலக் காரணமாக இருக்கையை விட்டார் என்று எழுத்தர் பதிவுசெய்தார்.

தனி வகை என்றே அனுமதி கிடைத்தது, நிபந்தனைகளோடு. காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை. சவ ஊர்வல நேரத்தில் கூடாது. பேருந்து, கிரேன் ஓட்டுபவர்களுக்கு ஒருநாள் முன்பே தகவல் தரவேண்டும். ஊர் பழகிக்கொண்டது. பேருந்தில் ஒருவர் திடீரென்று சுருண்டால் பக்கத்தில் இருப்பவர் இடம் மாறி உட்கார்ந்தார். பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையின் பழைய காதலிகளை விசாரித்து, அவர்கள் மார்க்கெட் தெருவுக்குப் போய்வந்தார்களா என்று கேட்டார்கள். கை ஓங்குவது நின்றுவிடவில்லை. சிலர் ஓங்கினார்கள், பிறகு வாங்கினார்கள்.

ஏழாம் வருடம் அக்டோபரில், பால்கனி விண்ணப்பம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்த பெவர்லியின் இடது கன்னத்தில் அறை விழுந்தது. மூக்குக்கண்ணாடி தெறித்துப் போனது. அறைந்த கை யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. அது அவளுடைய கைதான், மோதிரம் வரைக்கும். அந்த அறையை வாங்கியபோது அவள் மகள் ஜூடித்துக்குப் பதினொரு வயது. இப்போது அயர்லாந்தில் இருக்கிறாள். அம்மாவோடு பேசி ஒன்பது வருடம். அவள் ஊருக்கு வந்திருக்கிறாள்!

கோட்டைக்கூட எடுக்காமல் மழையில் மார்க்கெட் தெருவுக்கு ஓடினாள். கிளெனிஸ் திரையை விலக்கித் தலையை மட்டும் நீட்டினாள்.

"உள்ள வராத கண்ணு. இன்னும் நாலு இருக்கு. உக்காரு."

பெவர்லிக்கு ஒன்றுதான் ஞாபகம் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்திக்கொண்டாள்.