மூன்றாவது சிலிண்டர்

கொர்னேலியஸ் கை முறிந்து கட்டுப்போட்டிருந்த அந்த மாதம், பிரிக்பீல்ட்ஸில் அவருடைய வாடகைக் காரை மனைவி வெரோனிகாதான் ஓட்டினாள். ஒருநாள் வெளியூரான ரவாங்கில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, அங்கே ரப்பர் தோட்டத்தில் வேலை செய்யும் ரெங்கசாமி ஓடிவந்து குறுக்கே நின்றான். சாலையோரம் அவன் மனைவி நல்லம்மாள் பிரசவ வலியில் சுருண்டு கிடந்தாள்.

"பிள்ளை குறுக்கே கெடக்காம் அக்கா. பெரியாஸ்பத்திரிக்குப் போவணும்."

இருவரையும் ஏற்றிக்கொண்டு பறந்தாள். மேட்டுப்பாதை தொடங்கும் இடத்தில் கார் குலுங்க ஆரம்பித்தது. பின்னால் புகைக்குழாயில் டமாரென்று ஒரு வெடி. வெரோனிகா ஓரங்கட்டினாள்.

"நாலு சிலிண்டர்ல ஒண்ணு வேலை செய்யல."

"மிச்சம் மூணு ஓடுதுல்ல? நிப்பாட்டாதீங்க அக்கா!"

"மூணை வச்சு இந்த மேடு ஏறாது தம்பி. வேலை செய்யாததுல எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள்ள போய்ப் பத்திக்குது. கார்ல தீப்பிடிச்சா இவளை எப்படி இறக்குவ?"

எஞ்சினை ஓடவிட்டே முன்பக்க மூடியைத் திறந்தாள். மரப்பிடித் திருப்புளியால், முதல் சிலிண்டருக்குப் பொறி கொடுக்கும் பிளக்கின் தலையையும் எஞ்சின் இரும்பையும் சேர்த்துத் தொட்டாள். பொறி தடைப்பட்டு எஞ்சின் தள்ளாடியது. அப்படியென்றால் அந்த சிலிண்டர் நன்றாக இருக்கிறது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தொட்டபோது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நீதானா!"

எஞ்சினை அணைத்து, துணியைச் சுற்றிப் பிளக்கைக் கழற்றினாள். துணியையும் மீறி விரல் பொசுங்கியது. பிஸ்டன் காற்றையும் பெட்ரோலையும் அழுத்திக் கொடுக்கும் நேரத்தில் பொறி விடவேண்டிய முனை, எண்ணெய்க் கரியால் அடைபட்டுக் கிடந்தது. கோளாறு உள்ளே வேறெங்காவது இருந்தால் இங்கே ஒன்றும் செய்யமுடியாது. பேனாக்கத்தியால் கரியைச் சுரண்டித் துடைத்தாள்.

"அக்கா, போயிடுவோமா?" என்று உள்ளிருந்து முனகினாள் நல்லம்மாள்.

"போயிடுவோம்டி. பல்லைக் கடிச்சுக்க."

பிளக்கை முடுக்கிவிட்டு, எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைக் காரின் முன்னால் செருகி ஒரு சுற்றுச் சுற்றினாள். நான்கு சிலிண்டரும் ஒன்றாக உறுமின. கார் மூச்சுவாங்காமல் மேடேறியது.

ஆஸ்பத்திரியில் நல்லம்மாளை உள்ளே கொண்டுபோனார்கள். வெகுநேரம் கழித்து ரெங்கசாமி அழுதுகொண்டே ஓடிவந்தான்.

"பொண்ணு! ரெண்டு பேரும் சொகமா இருக்காங்க அக்கா!"

முகமெல்லாம் கரியோடு வெரோனிகா வாய்விட்டுச் சிரித்தாள். காரில் ஏறி ஹாரனை நீளமாக அமுக்கினாள். தாதி ஒருத்தி வெளியே வந்து அதட்டினாள். வெரோனிகா இன்னொரு தடவை அமுக்கினாள்.