பத்தாவது தகடு

தகடு ஸ்டோர்காரருக்குப் பட்டறையில் தராசு என்று பெயர். தகட்டின் மூலையை ஒரு விரல் உயரம் தூக்கிப் பார்த்தே எடையைச் சொல்லிவிடுவார். அன்றைக்கு அவர் எதையும் தூக்கிப் பார்க்கவில்லை.

எட்டடிக்கு நாலடித் தகடுகள் சுவரோரச் சட்டத்தில் நெட்டுக்குத்தாக நின்றன. முன்னால் பத்துக் கனமான தகடுகள். வேண்டியிருந்த மெல்லிய தகடு அவற்றுக்குப் பின்னால். பின்னால் இருப்பதை எடுக்க, முன்னால் இருப்பவற்றைக் கிரேனில் மாட்டி ஒவ்வொன்றாக வெளியே படுக்க வைக்க வேண்டும். அது விதி. முக்கால் மணி நேரம் ஆகும். அவர் வழி வேறு. தகடுகளைச் சட்டத்தோடு பிணைத்திருக்கும் சங்கிலியைக் கழற்றிவிட்டு, முன் தகடுகளைப் புத்தகப் பக்கம்போல் ஒவ்வொன்றாகத் தன் மேல் சாய்த்துக்கொள்வார். இடைவெளி கிடைத்ததும் பின்னால் உள்ளதைக் கூடப் பிடிப்பவர் உருவிக்கொள்ளலாம்.

"சகலை, ஒரு கை பிடிங்க. புரட்டிடலாம்."

வளைக்கும் மெஷினில் இருந்தவர் அவர் மனைவியின் தங்கை கணவர். கையுறையை மாட்டிக்கொண்டே வந்தார்.

"கிரேன்காரன் டீ குடிச்சுட்டு வந்துருவான் அண்ணே."

"அவன் குடிச்சு முடிக்கறதுக்குள்ள உங்களுக்குப் பேரன் பொறந்துருவான்."

இருவரும் நெஞ்சைக் கொடுத்து நின்றார்கள். ஐந்து தகடுவரை விளையாட்டாக இருந்தது. ஒன்பதில் நெஞ்சு அழுந்தியது.

"அண்ணே, திருப்பித் தள்ளிருவோமா?"

"வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழிய உடைக்காதீங்க. இன்னும் ஒண்ணுதான்."

பத்தாவது சாய்ந்தபோது பாரம் அவர்களைத் தள்ள ஆரம்பித்தது. ஸ்டோர்காரருக்கு அது முழங்காலில் முதலில் தெரிந்தது. 'விடுங்க' என்று ஒரு வார்த்தை கத்த நேரம் இருந்தது. வாய் திறக்கவில்லை. கால் குதித்துவிட்டது.

சத்தம் கேட்டு எல்லாரும் ஓடி வந்தபோது சகலையின் கால்மேல் விழுந்து கிடந்த தகடுகளை அவர் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டும் இருந்தார். அவர்கள் பார்த்தது அதைத்தான்.

மூன்றாம் நாள் மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சகலையின் வலது கால் இடுப்புவரை கட்டுக்குள் இருந்தது. கட்டிலருகே சகலையின் மனைவியும் ஸ்டோர்காரரும் நின்றார்கள்.

"தனியாவா புரட்டினே?"

சகலை ஸ்டோர்காரரைப் பார்த்தார். பிறகு, "ஆமா சார்" என்றார்.

"உன் மேல ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை ஓலை இருக்கு. மேல இருக்கறவங்க இனி உன்ன உள்ள விட முடியாதுங்கறாங்க. காலைல முடிவு பண்ணிருவாங்க." வாசலுக்குப் போனவர் திரும்பி, ஸ்டோர்காரரின் தோளைத் தட்டினார். "நீங்க மட்டும் இல்லேன்னா காலே போயிருக்கும்."

கொழுந்தியாள் அவரை நோக்கிக் கைகூப்பினாள். அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். வெந்நீர் பிடிக்க அவள் பிளாஸ்க்கோடு வெளியே போனதும் கட்டில் பக்கம் குனிந்தார்.

"ஏன் சகலை அப்படிச் சொன்னீங்க?"

"நீங்க சொல்லுவீங்கன்னு ரெண்டு நாள் பாத்தேன் அண்ணே." சகலையின் குரலில் கோபம் இல்லை. "இப்பவும் உங்களத்தான் பாத்தேன். நீங்க ஜன்னலப் பாத்தீங்க."

கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார்.

கொழுந்தியாள் திரும்பி வந்தாள். "அத்தான், நிக்கறீங்களே. உக்காருங்க."

"நான் காப்பாத்தல தாயி." நின்றபடியே சொன்னார். "நான்தான் கூப்பிட்டேன். ரெண்டு பேருமாத்தான் பிடிச்சிருந்தோம். நான் குதிச்சுட்டேன்."

அவள் பிளாஸ்க்கின் மூடியை இறுக்கினாள். ஏற்கெனவே இறுகியிருந்த மூடி.

"சொல்லிட்டுக் குதிச்சிருக்கலாம்ல அத்தான்?"

அவர் படியிறங்கினார். மேனேஜர் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டிருந்தார். இன்ஜின் சத்தத்தில் ஒருமுறை சொன்னது கேட்கவில்லை. இரண்டாம் முறை உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. மருந்துச் சீட்டோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மேனேஜர் இன்ஜினை நிறுத்தினார்.

"ஏன்யா மூணு நாளு?"

"வெட்கமா இருந்துச்சு."

"இப்ப இல்லையா?"

"இப்ப அதிகமா இருக்கு சார்."

மேனேஜர் பையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தார். "எழுதிக் குடுங்க. காலைல இதையும் சேத்து வைக்கறேன். உங்க கதி என்னன்னு நான் இப்பச் சொல்ல முடியாது."

ஸ்கூட்டர் சீட்டின் மேல் தாளை வைத்து எழுதினார். 'நாங்கள் இருவரும் சேர்ந்து தகடுகளைப் புரட்டினோம்.' படித்துப் பார்த்தார். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அடித்துவிட்டுக் கீழே எழுதினார்: 'நான் கூப்பிட்டேன். அவர் திருப்பித் தள்ளிவிடலாம் என்றார். நான் கேட்கவில்லை.'

'நான் சொல்லாமல் குதித்தேன்' என்ற அடுத்த வரிக்கு வெகுநேரம் ஆயிற்று. மேனேஜர் காத்திருந்தார்.