கண்ணாடி நிறைய மயில்

கண்ணாடி நிறைய மயில், கழுத்தின் அந்த நீலம், தோகையில் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக, பறக்கவும் இல்லை, விழவும் இல்லை, காரின் முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆணியடித்து மாட்டியதுபோல் அப்படியே நிற்கிறது, அதற்குப் பின்னால் புளியமரம், அதற்கும் பின்னால் சங்ககிரி மலை, எல்லாமே நிற்கின்றன, தமயந்தி மட்டும் ஏழு மாத வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாள், அடேயப்பா, என்ன நீலம் இது, எந்த டப்பாவோடு எதைக் கலந்தால் இது வரும் என்று அந்த நேரத்திலும் பெயின்டர் புத்தி போகிறது பாருங்கள், நடந்தது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை என்கிறார்கள், திருச்செங்கோட்டிலிருந்தே அவள் தூங்கிக்கொண்டுதான் வந்தாள் என்றும் சொல்கிறார்கள், அப்படியானால் மயிலைக் கண்ணால் கண்டாளா, இல்லை புருஷன் சென்னியப்பன் சொல்லிச் சொல்லிப் பிற்பாடு கனவில் கண்டாளா, அது அவளுக்கே தெரியாது, தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது, மயில் நிற்கிறது. அப்புறம் வெள்ளை, எதிரே டேஷ்போர்டு பிளந்து ஒரு வெள்ளைப் பலூன் பொங்கிவந்து முகத்தில் அறைகிறது, தீபாவளி விடிகாலை மாதிரி வெடிமருந்து வாசம், அப்புறம் ஹாரன் மட்டும் நிற்காமல் அலறுகிறது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதைத்தான் இன்றைக்கும் நம்ப முடியவில்லை, குறுக்கே வந்த மயிலுக்காக ஸ்டியரிங்கை ஒடித்ததில் புளியமரத்தில் மோதிய கார் மூக்கிலிருந்து கண்ணாடி வரைக்கும் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு கீறல் இல்லை, ஆஸ்பத்திரியில் வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கறது நல்லாத் தூங்குதும்மா என்று டாக்டர் சிரித்தார், இரண்டு மாதம் கழித்து வர்ணிகா பிறந்தாள், பிறந்ததிலிருந்து அவள்தான் யாரையும் தூங்கவிடவில்லை. சென்னியப்பன் லாரிக்கு கேபின் கட்டுகிறவன், அவன் கட்டிய கேபினைச் சுத்தியலால் அடித்தால் சுத்தியல்தான் துள்ளும் என்று நாமக்கல் வரைக்கும் பேர், அப்பேர்ப்பட்டவன் மறுநாள் பட்டறைக்கு இழுத்துவந்த காரைச் சுற்றிச் சுற்றி வந்தான், நொறுங்கிய தகரத்தை ஒவ்வொரு மடிப்பாகத் தடவினான், ஏம்புள்ள, இது நசுங்குனது இல்ல, நசுங்கிக்குடுத்துருக்குது, நான் கட்டுன கேபினா இருந்தா அது ஜம்முனு அப்படியே இருந்துருக்கும், உள்ள நாம மூணு பேருந்தான் கூழாயிருப்போம் என்றான், சொல்லிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான், அத்தனை வருஷம் இரும்போடு புரண்டவனுக்கு இரும்பு புதுசாகத் தெரிந்தது. பழைய இரும்புக் கடைக்காரன் இரண்டு தடவை வந்து கேட்டும் காரைத் தரவில்லை, பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தான்.

ஆனால் அன்றோடு ஸ்டியரிங்கைத் தொடுவதை விட்டுவிட்டான். அதுதான் தமயந்திக்குத் தாங்கவில்லை, காசு பணம் போனால் போகிறது, இது போகலாமா, அவள் அவனை முதன்முதலாகக் கண்டதே ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான், அப்போது அவன் லாரி டிரைவர், அவள் ஒரு லாரியின் பின்கதவில் பலகைமேல் நின்று தாமரைக்கு இதழ் போட்டுக்கொண்டிருந்தாள், இவன் பதினாறு சக்கர வண்டியை ஒற்றைக் கையால் பின்னுக்கு எடுத்து, மறு கையால் வெள்ளரிப்பிஞ்சைக் கடித்துக்கொண்டு, அவளுடைய பெயின்ட் டப்பாவுக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்திவிட்டு, பயந்துட்டீங்களா அம்மிணி என்றான், என்ன திமிர், அந்தத் திமிருக்குத்தான் கழுத்தை நீட்டினாள், அந்த மனுஷன் இப்போது பட்டறைக்குள் ஒரு வண்டியை நகர்த்துவதற்குக்கூட வேறு ஆளைக் கூப்பிடுகிறான், டவுனுக்கு பஸ், கோயிலுக்கு பஸ், லாரி கட்டறவன் பஸ்ல வாறான் பாரு என்று பங்காளிகள் கிண்டலடித்தால் சிரித்துக்கொள்கிறான், அவள் கெஞ்சியதற்காக எப்போதாவது பட்டறை லாரி ஒன்றில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போடுவான், கை இரண்டும் நடுங்கும், வெயில் ஓவரா இருக்குது புள்ள என்று இறங்கிவிடுவான், மார்கழி மாசம் காலையில் என்ன வெயில், அவள் போய் ஏதாவது ஒரு லாரியின் நெற்றியில் அந்த நீலத்தைக் கலந்து பார்ப்பாள், வராது, எத்தனை லாரி அவள் நீலத்தோடு பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போயின, ஒன்றில்கூட மயில் கழுத்து வரவில்லை.

அப்படியே போயிருக்கும், வர்ணிகா இரண்டாம் வகுப்புக்கு வந்த பிறகு ஒருநாள், அப்பா, உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாதாப்பா என்று கேட்டுவிட்டாள், சோறு பிசைந்த கை அப்படியே நின்றது, தெரியும் சாமி என்றான், பிறகு தமயந்தியைப் பார்த்து, என்ர கையால கட்டுனா ஓட்டுவேன்னு தோணுது புள்ள என்றான், அவ்வளவுதான், அவளுக்கு அது போதும். ஒரு வாரத்தில் கோழிப்பண்ணை ஒன்றிலிருந்து மூக்கு லாரியின் தலையைக் கொண்டுவந்து இறக்கினார்கள், அந்தக் காலத்து லாரி, முன்னால் பெரிய மூக்கு, முழித்த கண் மாதிரி இரண்டு உருண்டை லைட், கண்ணாடிகூட நடுவில் கம்பி வைத்து இரண்டு துண்டு, எத்தனையோ வருஷமாகக் கோழிகள் அடைந்த தலை, சீட்டு இருந்த இடத்தில் ஒரு கோழி முட்டையிட்டு வைத்திருந்தது, அட, வண்டி சும்மா வரல, சீரோட வந்துருக்குது என்று தமயந்தி சிரித்தாள். அந்தத் தலையை நம் காரின்மேல் வைக்கப் போகிறோம் என்றான் சென்னியப்பன், நொறுங்காமல் தப்பிய இன்ஜினும் கியர்பாக்ஸும் காரோடது, தரை காரோடது, ஸ்டியரிங்கும் அதோடதே, நொறுங்கிய முன்பக்கத்துக்கு மட்டும் அதே மாதிரி இன்னொன்று கோயம்புத்தூரில் வாங்கி வந்தான், புதுப் பலூன்களும் வாங்கினான், லாரியின் பழைய இரும்பை உள்பக்கம் அறுத்து அறுத்து மெலிசாக்கினான், கெட்டி இரும்பிலேயே காலம் தள்ளியவன் ஒரு தகரத்தை எங்கே மடங்கவைக்கலாம் என்று தேடித் தேடி அறுத்தான், வெளியே கிழட்டு மூக்கு, உள்ளே நசுங்கிக்கொடுக்கத் தெரிந்த எலும்பு, பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள், இது லாரிக்குப் பொறந்த காரா, காருக்குப் பொறந்த லாரியா என்றார்கள்.

ஒயரிங் தமயந்தி பார்த்தாள், ஒயருக்கெல்லாம் கலர்தானே, கலர் அவளுக்கு அத்துப்படி, பச்சையில் மஞ்சள் கோடு, பழுப்பில் வெள்ளைக் கோடு, காரிலிருந்து உருவிய அத்தனை ஒயரையும் பாயில் பரப்பி வைத்தால் ஒரு ஆள் படுத்திருப்பதுபோல் இருந்தது, கை கால் நரம்பெல்லாம் தெரிய, அவள் மிதிக்காமல் சுற்றிச் சுற்றிப் போனாள், லாரிப் பட்டறையில் எதையும் வீணாக்குகிற வழக்கம் இல்லை, ஒன்று விடாமல் எடுத்து வைத்தாள், கியர் கம்பிக்கு அடியில் வெல்லக்கட்டி அளவுக்கு ஒரு பெட்டி இருந்தது, எதற்கென்று தெரியாவிட்டாலும் துடைத்து அதே இடத்தில் பூட்டினாள். நல்ல நாள் பார்த்து, எலுமிச்சம்பழம் வைத்து, சென்னியப்பன் வெளியில் நின்றபடியே கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினான், இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை, மறுபடியும் சுற்றியது, பிடிக்கவில்லை, பெட்ரோல் இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, நாள்கணக்காகக் கழற்றி மாட்டினார்கள், உள்ளே சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் எரிந்தது, அதில் உட்கார்ந்திருக்கிற ஆள் படம், அவன் வயிற்றுக்கு முன்னால் ஒரு உருண்டை, தமயந்திக்கு அது வயிற்றுப்பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிற தன்னைப்போலவே தெரிந்தது, உடு புள்ள, நமக்குக் குடுப்பினை இல்ல என்று சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டான், வண்டி போனால் போகட்டும், இந்த மனுஷன் இனி எந்தக் காலத்திலும் ஏறமாட்டானே.

கடைசியில் சேலத்திலிருந்து ரியாஸ் வந்தான், புதுக் கார்களுக்கு கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கிற பையன், வண்டியைப் பார்த்ததும், யா அல்லா, என்னக்கா இது என்று சுற்றி வந்தான், அப்புறம் ஒயரை மாட்டித் திரையைப் பார்த்தான். அண்ணா, இந்த வண்டி எங்கயாச்சும் மோதுச்சுங்களா என்றான், ஆமா, அது ஏழு வருசமாச்சு என்றான் சென்னியப்பன், ரியாஸ் தலையை ஆட்டினான், உங்களுக்குத்தாண்ணா ஏழு வருசம், இதுக்கு இல்ல, இது இன்னும் மோதிக்கிட்டேதான் இருக்குது, இந்தச் சின்னப் பெட்டிதான் அன்னைக்கு பலூனைத் தொறந்து விட்டது, தீப்பிடிக்கக் கூடாதுன்னு பெட்ரோலை நிறுத்துனதும் இதோட வேலைதான், எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு இதுக்கு யாரும் சொல்லலைங்க, அதான் இன்னும் பெட்ரோலை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு உக்காந்துருக்குது என்றான்.

தமயந்தி குனிந்து அந்தப் பெட்டியைப் பார்த்தாள், வெல்லக்கட்டி அளவுக்கு இருந்துகொண்டு, மயில் கண்ணாடிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்ட பெட்டி, தார்ப்பாய்க்கு அடியில் இருட்டில், மழையில், இவர்கள் பிள்ளைக்குக் காது குத்தி, பள்ளிக்கூடம் அனுப்பி, சிரித்து, சண்டை போட்டுக்கொண்டிருந்த அத்தனை நாளும் அது மட்டும் அந்தப் புளியமரத்தடியிலேயே நின்றுகொண்டு இவர்களைக் காப்பாற்றிக்கொண்டே இருந்திருக்கிறது, தாயே, என்று தன்னையறியாமல் கும்பிட்டாள். திரும்பிப் பார்த்தால் சென்னியப்பன் தரையில் உட்கார்ந்திருக்கிறான், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது, எனக்கும் அப்படித்தான் புள்ள, சாவியைத் தொட்டாலே அந்த மயிலு வந்து கண்ணாடில நின்னுக்குது, போகவே மாட்டேங்குது, பைத்தியம்னு நெனப்பியோன்னு சொல்லல என்றான், எனக்கும் நிக்குதுங்க, கழுத்து என்ன நீலம் என்றாள் அவள், அவன் நிமிர்ந்து பார்த்தான், நீ தூங்கிட்டுத்தான இருந்த என்றான், தெரியலீங்க, ஆனா பார்த்தேன் என்றாள். ரியாஸ் திரையைக் காட்டி, இதுல அமுக்குனா முடிஞ்சுருச்சுன்னு அதுக்குத் தெரிஞ்சுரும், யார் அமுக்கறீங்க என்றான், சென்னியப்பன் எழுந்தான், முகத்தைத் துண்டால் துடைத்தான், பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், போதும் சாமி, எல்லாரும் நல்லா இருக்கறோம் என்று அதனிடம் சொல்லிவிட்டு அவனே அமுக்கினான்.

சிவப்பு விளக்கு அணைந்தது. ரியாஸ் சாவியைத் திருப்பினான், ஒரே சுற்று, அவ்வளவுதான், அந்தக் கிழட்டு மூக்குக்குள்ளிருந்து இத்தனை சன்னமாக ஒரு சத்தமா, பால் பொங்குவதற்கு முன்னால் அடியில் கேட்குமே அந்த மாதிரி, நான் ஒரு ரவுண்டு எடுக்கட்டுமாண்ணா என்று ரியாஸ் கேட்க, வேண்டாம் தம்பி, எறங்கு என்றான் சென்னியப்பன், ஏறி உட்கார்ந்தான், தமயந்தியும் நடுவில் வர்ணிகாவும் ஏறினார்கள், பெல்டைப் போடு, வயித்துக்குக் கீழ போடு என்று பழைய ஞாபகத்தில் அதட்டினான், வயிற்றில் இருந்ததுதான் இப்போது நடுவில் உட்கார்ந்து ஹாரனை அமுக்கச் சொல்லிப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது, வண்டி நகர்ந்தது, அவள் ரோட்டைப் பார்க்கவில்லை, அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், சோளக்காட்டு வண்டித்தடம், மூக்குக்கு அவள் அடித்த நீலம் வெயிலில் தகதகவென்று, இரண்டு துண்டுக் கண்ணாடியில் இரண்டு துண்டு வானம், அம்மா மயிலு என்று வர்ணிகா கத்தினாள்.

பிரேக் விழுந்தது, மூவரும் ஒரு தரம் முன்னால் போய் வந்தார்கள், இன்ஜின் அணையவில்லை, விளக்கு எரியவில்லை, தடத்தின் நடுவில் ஆண்மயில், தமயந்தி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள், தூங்கவில்லை, கனவில்லை, தோகையைத் தரையில் இழுத்துக்கொண்டு நிற்கிறது, கழுத்து அடேயப்பா அதே நீலம், மூக்கிலிருந்த நீலத்தையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள், இன்னும் ஒரு சொட்டுப் பச்சை விட்டிருக்கலாம், அவ்வளவுதான் குறை. போலாமாப்பா என்றாள் வர்ணிகா, இரு சாமி, அது போகட்டும் என்றான் சென்னியப்பன், ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து ஜன்னலில் வைத்துக்கொண்டான், மயில் ஒரு காலைத் தூக்கி, யோசித்து, வைத்து, இந்தத் துண்டுக் கண்ணாடியிலிருந்து நடுக்கம்பியைத் தாண்டி அந்தத் துண்டுக் கண்ணாடிக்குப் போயிற்று, அதையும் தாண்டிச் சோளத்துக்குள் இறங்கிற்று, தோகையின் கடைசிக் கண்ணும் மறைந்தது, ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கை வளைத்து அவன் வண்டியை எடுத்தான், கண்ணாடி நிறைய ரோடு.