பதினேழாம் எண் கண்ணாடி

அம்மாவின் தலையை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவன் தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்தபோது, சட்டைப்பையில் தங்கையின் ஃபோன் இரண்டாம் முறையாக அடித்தது. அழுகிறவளுக்கு ஃபோன் எதற்கு என்று சித்திதான் அதைப் பிடுங்கி அவனிடம் கொடுத்திருந்தாள். திரையில் 'பயிற்சி வாத்தியார்' என்று வந்தது. சத்தத்தை அணைத்துவிட்டு, உறையின் சுருக்கத்தை நீவிவிட்டான்.

அம்மா காலை பத்தரைக்குப் போயிருந்தாள்.

தங்கை விமானப் பராமரிப்பு மெக்கானிக் பயிற்சியின் கடைசி வாரத்தில் இருந்தாள். அவளுடைய பயிற்சிப் பெருமையை இந்த இரண்டு வருடத்தில் அம்மா குறைந்தது ஒரு லட்சம் தடவை பாடியிருப்பாள். தபால்காரரிடம் பாடினாள், தவறான எண்ணுக்கு அழைத்தவரிடம் பாடினாள், வாயில் பஞ்சை அடைத்து வைத்திருந்த பல் டாக்டரிடம்கூடப் பஞ்சோடு பாடினாள். "என் பொண்ணு கையெழுத்துப் போட்டாத்தான் விமானமே கிளம்பும்" என்பாள். மகனும் மெக்கானிக்தான், லிஃப்ட் மெக்கானிக். அவனும் மனிதர்களை மேலே அனுப்புகிறவன்தான். என்ன, பன்னிரண்டாவது மாடியோடு நின்றுவிடும். பையன் என்ன பண்றான் என்று யாராவது கேட்டால், "அவனா, வீட்டோட இருக்கான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். மூன்று வருடமாக அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்தவன் அந்த வீட்டோடு இருந்தவன்தான்.

ஃபோன் ஏன் அடிக்கிறது என்று அவனுக்குத் தெரியும். மதியம் தங்கையின் எண்ணெய்க் கறை படிந்த வேலை உடுப்பை ஆணியில் மாட்டியபோது, அதன் பையிலிருந்து நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடி ஒன்று விழுந்தது. இன்ஜினுக்குள் கண் எட்டாத மூலையைப் பார்க்கிற கண்ணாடி. காம்பில் பதினேழு என்று பொறித்திருந்தது. வேலைக்கு நடுவில் சேதி கேட்டவள், கையிலிருந்ததைப் பையில் செருகியபடியே ஓடிவந்திருக்கிறாள். லீவுக்கு வரும்போதெல்லாம் சாப்பாட்டு மேசையில் அவள் நடத்திய பாடம் அவனுக்கு மனப்பாடம்: எடுத்த சாமான் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் விமானம் ஒரு அடி நகராது. எடுத்தவரே சொல்லிவிட்டால் எச்சரிக்கை. சொல்லாவிட்டால் வெளியே.

ஒரு மணிக்கு முதல் அழைப்பு வந்தபோது, அடிக்கட்டுமே என்று விட்டான். நாற்பத்தோரு வயதில் அப்படியொரு குளுமை அவன் நெஞ்சில் இறங்கியதே இல்லை. பத்து ஐஸ்கட்டியை ஒன்றாக விழுங்கியதுபோல் இருந்தது. பறக்கட்டும், பார்க்கலாம்.

மூன்றாம் முறை அடித்தபோது மணி இரண்டே முக்கால். அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். உன் மகள் தோற்றுவிட்டாள் என்று போய்ச் சொல்ல வேண்டியவள் கண்ணை மூடிக் கிடந்தாள். இனி ஜெயித்து யாரிடம் காட்டுவது?

எடுத்தான்.

வாத்தியார் தணிந்த குரலில் பேசினார். துக்க வீடு என்று தெரியும், ஆனாலும் நான்கு மணிக்கு விமானத்தை வெளியே எடுத்தாக வேண்டும் என்றார். அவன் கண்ணாடிக் காம்பிலிருந்த எண்ணைப் படித்துச் சொன்னான்.

"படிச்சா போதாதுங்க. சாமான் என் கண்ணு முன்னால இருக்கணும். நாலு மணிக்குள்ள வந்தா எச்சரிக்கையோட போயிடும். இல்லன்னா அவ பேரை எடுத்துடுவாங்க."

போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். மயான வண்டி மூன்று மணிக்கு வருகிறது. அங்கே நான்கு மணி என்று நேரம் குறித்தாகிவிட்டது, மாற்ற முடியாது. முதல் அழைப்பிலேயே எடுத்திருந்தால் யாராவது போய்த் திரும்பியிருக்கலாம்.

தங்கையிடம் போய் விஷயத்தைச் சொல்லிக் கண்ணாடியை நீட்டினான். அவள் அதைப் பார்த்தாள். அப்புறம் ஃபோனை வாங்கி, எடுக்காமல் விட்ட இரண்டு அழைப்புகளைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள்.

"நானே போறேன்" என்று எழுந்தாள்.

"நீ இரு. நான் மூணு வருஷம் இருந்தாச்சு. நீதான் இருக்கல."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஊட்டினா அம்மா ஒரு வாய் வாங்கமாட்டா. அண்ணன் வரட்டும்னு வாயை இறுக்கி மூடிக்குவா. உன்னைப் பாத்தா எனக்கு அப்படி எரியும்."

இது அவனுக்குப் புதுச் செய்தி. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும்போல் இருந்தது. நேரமில்லை. சித்தி, பெற்ற மகன் இந்த நேரத்தில் எங்கேடா போகிறாய் என்று பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாள். அவன் வண்டியை உதைத்தான்.

விமானக் கொட்டகைக்குள் பத்து கல்யாண மண்டபத்தைப் படுக்கவைக்கலாம். வாத்தியார் எண்ணை இரண்டு முறை பார்த்தார், நோட்டை நீட்டினார். கொண்டுவந்தவர் என்ற இடத்தில் 'அண்ணன்' என்று எழுதி, நேரம் மூன்று ஐம்பத்தைந்து என்று போட்டுக் கையெழுத்திட்டான். தரையிலிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் நிற்கச் சொல்லிவிட்டு அவர் போனார்.

பெரிய கதவுகள் விலகின. ஒரு குட்டி டிராக்டர் விமானத்தை இழுக்கத் தொடங்கியது. எங்கும் இடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள, இறக்கைக்கு ஒருவராக இரண்டு பேர் ஒரு கையைத் தோளுக்கு மேல் தூக்கியபடி கூடவே நடந்தார்கள். மிக மெதுவாக, பேசாமல்.

மணி நான்கு. மயானத்திலும் நான்கு.

கோட்டுக்கு இந்தப் பக்கம் அவனும் அவர்களுடைய நடைக்கு நடந்தான். கோடு வாசலோடு முடிந்தது. விமானம் வெயிலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவன் நின்றான். அவனுடைய வலது கை எப்போதோ தோளுக்கு உயர்ந்திருந்தது. இறக்க மறந்துபோய் அப்படியே நின்றான்.